டி ப்ளஸ் போட்ட காமிக்ஸ் பத்து வயதுக்கு ஆகுமா?

அடுக்குமரம்:

பள்ளி நூலகம் ஒன்றுக்கு நன்கொடையாக 140 காமிக்ஸ் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் அமெரிக்க சூப்பர்ஹீரோ தொகுப்புகள், ஒரு ஐம்பது மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), மிச்சம் பழைய ஐரோப்பிய ஆல்பங்கள். எடுத்துப் படிக்கப் போவது 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள்.

பின்னட்டையில் வயதுக் குறியாகச் சிலவற்றுக்கு டி (ஆங்கில T), சிலவற்றுக்கு டி ப்ளஸ், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. டி ப்ளஸ் போட்ட இரண்டைப் புரட்டினால் ஒன்றில் மிஞ்சிப்போனால் குத்துச்சண்டை, இன்னொன்றில் வெட்டுண்ட தலை முழுப் பக்கத்துக்கு. இந்தக் குறிகளை எப்படி எடுத்துக்கொள்வது? அத்தனையையும் வரி விடாமல் படிக்க நேரம் கிடையாது, எங்கெங்கே பார்த்தால் போதும்? எதற்காக ஒரு புத்தகத்தை ஒதுக்கலாம், எதற்காக ஒதுக்கக் கூடாது?

கட்டம்கட்டி:

அந்தக் குறி அரசாங்கமோ தணிக்கைக் குழுவோ போட்டதல்ல. பதிப்பகம் தன் புத்தகத்துக்குத் தானே போட்டுக்கொள்வது. ஆளாளுக்கு ஒரு அளவுகோல் என்பதால்தான் உங்கள் இரண்டு புத்தகங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்கப் பதிப்பகமான மார்வெலில் டி ப்ளஸ் என்றால் 13 வயதுக்கு மேல். அதன் போட்டிப் பதிப்பகம் டிசி 2011-ல் கொண்டுவந்த குறி வரிசையில் அதே டி ப்ளஸ் 15-க்கு மேல். மங்கா போடும் விஸ் மீடியாவில் 16-க்கு மேல். ஒரே எழுத்து, மூன்று வயது. வெறும் டி-யும் அப்படித்தான்: விஸ்ஸில் 13, டிசியில் 12, மார்வெலில் அதற்கும் கீழே. ஆகவே குறியைப் பார்க்கும் முன் முதுகில் இருக்கும் பதிப்பகப் பெயரைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அதற்கு அர்த்தம்.

பதிப்பகத்துக்கு உள்ளே இருக்கும் முத்திரைப் பெயர்கள் இன்னும் நம்பகமானவை. டிசி 2019-ல் தன் வெளியீடுகளை மூன்றாகப் பிரித்தது: டிசி கிட்ஸ் 8 முதல் 12 வரை, வெறும் டிசி 13-க்கு மேல், பிளாக் லேபிள் 17-க்கு மேல். அதற்கு முன்னால் பெரியவர்களுக்கான கதைகள் வெர்டிகோ என்ற பெயரில் வந்தன (1993-ல் ஆரம்பித்தது). மார்வெலில் அதற்கு மேக்ஸ் என்று பெயர். பிளாக் லேபிள், வெர்டிகோ, மேக்ஸ் மூன்றையும் திறக்காமலே தனிப் பெட்டியில் போடலாம். அவை மோசமான புத்தகங்கள் அல்ல, சொல்லப்போனால் இந்த 140-ல் நல்ல கதைகள் சில அதில்தான் இருக்கும். உங்கள் வாசகர்களுக்கானவை இல்லை, அவ்வளவுதான்.

நம்பக் கூடாதது அட்டையில் இருக்கும் கதாபாத்திரத்தை. நிஞ்சா ஆமைகளை எல்லோரும் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். 1984-ல் கறுப்பு வெள்ளையில் வந்த முதல் இதழிலேயே வில்லன் செத்துப்போகிறான், வாள் வெட்டும் ரத்தமும் தாராளம். 1987-ல் வந்த தொலைக்காட்சித் தொடர்தான் அதைச் சிறுவர் பண்டமாக்கியது. அதற்குப் பிறகு சிறுவர்களுக்கென்றே மென்மையான காமிக்ஸ் வரிசை வந்தது. 2020-ல் ஆரம்பித்த ‘தி லாஸ்ட் ரோனின்’ திரும்பவும் இருட்டுக்குப் போய்விட்டது. நாலு ஆமைகளும் அதே ஆமைகள்தான், புத்தகம் வேறு. ஆர்ச்சியும் அப்படியே. பள்ளிக்கூடக் காதல் கலாட்டா என்று நினைத்து ‘ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி’யை (2013) அலமாரியில் வைத்தால், உள்ளே ஊர் முழுக்க நடைபிணம்.

இப்போது வேலை முறை. முதல் சுற்றில் புத்தகத்துக்கு அரை நிமிடம்: பதிப்பகம், முத்திரை, பின்னட்டைக் குறி, காப்புரிமைப் பக்கம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விஸ் மங்காக்கள் பலவற்றில் அந்தப் பக்கத்தில் பெற்றோருக்கான அறிவிப்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். எந்த வயதுக்கு என்பதோடு, ‘இந்தப் பாகத்தில் கற்பனைச் சண்டை உண்டு’, ‘புகையிலை உண்டு’ என்ற மாதிரி காரணமும் போட்டிருப்பார்கள். பின்னட்டை எழுத்தைவிட அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியது. 140 புத்தகத்துக்கு இந்தச் சுற்று ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவில் மூன்று அடுக்கு வரும்: வைக்கலாம், கூடாது, பார்க்க வேண்டும்.

மூன்றாவது அடுக்குக்குத்தான் இரண்டாம் சுற்று, புத்தகத்துக்கு ஐந்து நிமிடம். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதை 20 முதல் 22 பக்கம். ஐந்தாறு இதழ்களைக் கட்டினதுதான் உங்களிடம் இருக்கும் தொகுப்பு. அடுத்த இதழை வாங்க வைக்க வேண்டுமே என்று ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் ஒரு அதிர்ச்சி வைப்பார்கள். ஆகவே 20 பக்கத்துக்கு ஒருமுறை நின்று பாருங்கள். அடுத்து, பக்கத்தைத் திருப்பியதும் இடதுபுறம் வரும் பக்கம். பார்த்ததும் திடுக்கிட வேண்டிய படத்தை ஓவியர் அங்கேதான் ஒளித்து வைப்பார், எதிர்ப் பக்கத்தில் வைத்தால் முன்னாலேயே கண்ணில் பட்டுவிடும். மூன்றாவது, எழுத்தே இல்லாத பக்கங்கள். பேச்சு பலூன் குறைந்து படம் மட்டும் பேசுகிற இடத்தில்தான் பெரும்பாலும் சண்டையின் உச்சமோ சாவோ படுக்கையறையோ இருக்கும். வேகமாகப் புரட்டும்போதே வெள்ளை பலூன்கள் காணாமல் போவது கண்ணுக்குத் தெரியும்.

கடைசியில் புத்தகத்தின் பின்பகுதி. மாற்று அட்டைகளை, அதாவது அதே இதழுக்கு வேறு படத்தோடு வந்த அட்டைகளை, அங்கே வரிசையாகப் போட்டிருப்பார்கள். கதை சாதுவாக இருக்கும், மாற்று அட்டையில் நாயகி நிற்கிற நிலையும் உடையும் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

சுருக்கெழுத்து:

இவ்வளவு எதற்கு? மங்கா ஐம்பதையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்துவிடுங்கள். பிரச்சினை எல்லாம் அதில்தான்.

வலமிருந்து:

அது சரிவராது. மங்கா என்பது ஒரு வகைக் கதை அல்ல, ஒரு தேசத்துக் காமிக்ஸ் மொத்தமும். பால்வாடிப் பிள்ளைக்கும் அதில் உண்டு, பணி ஓய்வு பெற்றவருக்கும் உண்டு. மொத்தமாக ஒதுக்கினால் பிள்ளைகள் அதிகம் கேட்கிற அலமாரி காலியாகிவிடும். மொத்தமாக வைத்தாலும் வம்புதான். ஆகவே பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் பொறி ‘ஷோனென்’ என்ற சொல். சிறுவன் என்று பொருள் என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதைச் சொல்லும் சொல், உள்ளடக்கத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. பெயரை எழுதினால் ஆள் சாகிற நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய ‘டெத் நோட்’ 2003 முதல் 2006 வரை வாராந்தர ஷோனென் ஜம்ப்பில் வந்த தொடர். விஸ் அதற்கு டி ப்ளஸ் போட்டது, அதாவது 16. துப்பறியும் சிறுவன் கோனனும் ஷோனென்தான். அட்டையில் கண்ணாடி போட்ட பொடியன், உள்ளே வழக்குக்கு வழக்கு பிணம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. உடலின் செல்களை மனிதர்களாக வரைந்த ‘செல்ஸ் அட் வொர்க்’ பள்ளி நூலகத்துக்கு அருமையான புத்தகம். ரத்த சிவப்பணு வழி தெரியாமல் அலைவதும் வெள்ளையணு கிருமியைத் துரத்துவதும் பாடப் புத்தகத்தைவிட நன்றாகப் பதியும். அதே உலகத்தில் ‘கோட் பிளாக்’ என்று இன்னொரு தொடர் 2018-ல் ஆரம்பித்தது, பெரியவர்களுக்கான ‘மார்னிங்’ வார இதழில். அங்கே அந்த உடம்பு புகை, மது, தூக்கமின்மை என்று சீரழிந்த ஒருவருடையது. பால்வினை நோய் வரைக்கும் வரும். முதுகில் பெயர் ஏறக்குறைய ஒன்று. நன்கொடைப் பெட்டியில் இரண்டும் கலந்து கிடந்தால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

சோதிக்கும் முறையில் கட்டம்கட்டி சொன்னதை மங்காவுக்குத் திருப்பிப் போட வேண்டும். வலமிருந்து இடமாகப் படிப்பதால் திடுக்கிடும் படம் பக்கம் திருப்பியதும் வலதுபுறம் வரும். வாராந்தரத் தொடரில் ஒரு அத்தியாயம் சுமார் 19 பக்கம், ஒரு பாகத்தில் ஒன்பது பத்து அத்தியாயம், மொத்தம் 190 பக்கம் போல.

பாகத்தை மூடி, திறக்கும் பக்க விளிம்பை உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வெள்ளைக் காகித அடுக்கில் இடையிடையே கறுப்புக் கோடுகள் தெரியும். மங்காவில் கடந்தகாலக் காட்சி வரும்போது கட்டங்களுக்கு இடையிலும் ஓரத்திலும் கறுப்பு நிரப்புவது வழக்கம். அந்தக் கறுப்பு விளிம்பு வரை ஓடிவரும். ஒரு பாத்திரத்தின் கடந்தகாலத்தை ஏன் காட்டுகிறார்கள்? அப்பா அடித்தார், ஊர் எரிந்தது, தங்கை செத்தாள். அதாவது கதையின் மிகக் கனமான இடம். கறுப்புக் கோடு இருக்கிற இடத்தில் நகத்தை நுழைத்துத் திறந்தால் நேராக அங்கே போய் நிற்பீர்கள். ஒரு பாகத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லாக் கறுப்புக் கோடும் கொடுமை அல்ல, சில வெறும் இரவுக் காட்சிகள். ஆனால் கொடுமை பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.

அடுத்தது ஃபேன் சர்வீஸ். கதைக்குத் தேவையே இல்லாமல் உள்ளாடை தெரிவது, வெந்நீர்க் குளத்து அத்தியாயம், பெண்ணைப் பார்த்ததும் மூக்கில் ரத்தம் பீறிடும் நகைச்சுவை. இது சீரான இடைவெளியில் வருவதில்லை, கதையின் மூச்சுவாங்கும் இடங்களில் வரும்: பெரிய சண்டை முடிந்த அடுத்த அத்தியாயம், அத்தியாயங்களுக்கு நடுவே இருக்கும் வேடிக்கைப் பக்கங்கள், கடைசியில் ஆசிரியர் குறிப்பு. அந்த மூன்று இடத்தையும் பார்த்தால் போதும்.

முதல் பாகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பல தொடர்கள் போகப் போகக் கனம் ஏறும், ஆகவே கையில் இருப்பதில் முதலும் கடைசியும் நடுவில் ஒன்றும் எடுங்கள். டிராகன் பால் மாதிரி சில, தலைகீழ். அதன் ஆரம்பப் பாகங்களில்தான் நிர்வாண நகைச்சுவையும் வழிசல் கிழவரும், பின்னால் வெறும் அடிதடி. 2009-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் விக்கோமிக்கோ மாவட்டப் பள்ளி நூலகங்களிலிருந்து அதை எடுத்தது முதல் பாகத்தின் காரணமாகத்தான். தொலைக்காட்சியில் பின்கதையை மட்டும் பார்த்தவர் வாங்கி வைத்தால் இதுதான் நடக்கும்.

அடுக்குமரம்:

விளிம்புச் சோதனை செய்து பார்த்தாயிற்று, வேலை செய்கிறது. ஒரு பாகத்தில் மூன்று கறுப்புப் பட்டை, மூன்றில் இரண்டு ஒதுக்க வேண்டியவைதான்.

இனி கேள்வி: எங்கே கோடு கிழிப்பது? பட்டியல் போட ஆரம்பித்தால் ரத்தம், கெட்ட வார்த்தை, முத்தம், சாவு, குடி என்று நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பட்டியலின்படி பார்த்தால் 140-ல் இருபது தேறினால் அதிகம். கண்ணீர் வரும்படி தாத்தா சாகிற ஒரு கதை, பெண் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வருகிற ஒரு கதை, இவற்றையும் ‘முதிர்ந்த உள்ளடக்கம்’ என்று எடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

பழையஇதழ்:

பட்டியலை வைத்துச் சலித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1954-ஐப் பார்த்தால் போதும். அந்த வருடம் அமெரிக்க செனட்டின் துணைக்குழு காமிக்ஸும் சிறுவர் குற்றங்களும் பற்றி விசாரித்தது. பயந்துபோன பதிப்பகங்கள் கூடி, காமிக்ஸ் கோட் என்று ஒரு விதிப் பட்டியலைத் தாங்களே போட்டுக்கொண்டன. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடைபிணம் கூடாது. தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது. ‘க்ரைம்’ என்ற சொல்லின் எழுத்துகள் தலைப்பின் மற்ற சொற்களைவிடக் குறிப்பிடும்படி பெரிதாக இருக்கக் கூடாது! எழுத்தின் அளவை அளக்கிற வரைக்கும் போனார்கள். விதிகளுக்கு உட்பட்டது என்று அட்டையில் போடும் கோட் முத்திரை இல்லாத இதழை விற்பனைக்கு எடுக்க ஆள் இல்லை.

1971-ல் அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, நலத்துறை மார்வெலிடம் போதைப்பொருளின் கேட்டைச் சொல்லும் கதை ஒன்று போடச் சொன்னது. ஸ்பைடர்மேன் 96, 97, 98 இதழ்களில் அது வந்தது. போதைக்கு எதிரான கதை, அரசே கேட்ட கதை. கோட் அமைப்பு முத்திரை தர மறுத்துவிட்டது, ஏனென்றால் கதையில் போதைப்பொருள் வருகிறது. மார்வெல் முத்திரை இல்லாமலே வெளியிட்டது, இதழ்கள் விற்றன, அந்த வருடமே விதியைத் தளர்த்தினார்கள். 2001-ல் மார்வெல் காமிக்ஸ் கோடிலிருந்து வெளியேறியது, 2011-ல் டிசியும் ஆர்ச்சி பதிப்பகமும் போக, கதை முடிந்தது. அந்த விதிப் பட்டியலுக்கு வழிபோட்ட மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தமின் ஆய்வுக் குறிப்புகளை ஆய்வாளர் கேரல் டில்லி பின்னால் எடுத்துப் பார்த்து, அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திருத்தியும் கலந்தும் எழுதியிருப்பதை 2012-ல் வெளியிட்டார். அது தனிக் கதை.

ஆகவே என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள், அதைப் படம் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். 2022-ல் டென்னசியின் மெக்மின் மாவட்டத்தில் ‘மாஸ்’ஐ எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தபோது சொன்ன காரணங்கள் எட்டுக் கெட்ட வார்த்தையும் ஒரு நிர்வாணப் படமும். யூத இனப்படுகொலை பற்றிய, யூதர்களை எலிகளாக வரைந்த, புலிட்சர் பரிசு பெற்ற புத்தகம். எண்ணத் தெரிந்த அளவுக்கு வாசிக்கத் தெரியாமல் போனால் இப்படித்தான். ஆனால் எலி முகம் போட்டிருக்கிறதே என்று அதை 8 வயதுக்கு எடுத்துக் கொடுப்பதும் தவறுதான். அது பதின்மூன்றை ஒட்டியவர்களுக்கு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது.

கட்டம்கட்டி:

பழையஇதழ் சொன்ன ‘எப்படி நடத்துகிறது’ என்பதைக் கைக்கு எட்டுகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு பக்கத்தில் இரண்டு கட்டம் என்று வையுங்கள். முதல் கட்டத்தில் கதவு சாத்தப்படுகிறது. இரண்டாவதில் படிக்கட்டில் ஒற்றைச் செருப்பு. நடுவில் நடந்தது எங்கேயும் வரையப்படவில்லை, இரண்டு கட்டத்துக்கும் இடையே இருக்கிற அந்த வெள்ளைச் சந்தில் வாசிப்பவர்தான் நிரப்ப வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை ‘அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள்’ என்று நிரப்பும். பதின்மூன்று வயது வேறு விதமாக நிரப்பும். நாற்பது வயதுக்கு நெஞ்சு அடைக்கும். அதாவது சொல்லாமல் விட்டது படிப்பவரின் வயதுக்குத் தக்கபடி தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. வரைந்து காட்டினது அப்படிச் சுருங்காது, எல்லா வயதுக்கும் ஒரே அளவுதான்.

இன்னொன்று நேரம். திரைப்படத்தில் கொடூரக் காட்சி இரண்டு விநாடியில் ஓடிவிடும். காமிக்ஸில் ஓடாது. பிள்ளை விரும்புகிற வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நாளைக்கும் அதே பக்கத்தைத் திறக்கலாம். ஆகவே முழுப்பக்கப் படத்துக்கு அதே விஷயத்தின் சின்னக் கட்டத்தைவிடக் கனம் அதிகம். உங்கள் வெட்டுண்ட தலை ஒரு சின்னக் கட்டத்தில் நிழலாக இருந்திருந்தால் 12 வயது அடுக்கில் போயிருக்கலாம். முழுப்பக்கம், தசை நரம்போடு, நிறத்தில் என்றால் வேறு பேச்சே இல்லை. நிறத்தையும் கணக்கில் வையுங்கள்: கறுப்பு வெள்ளையில் ரத்தம் வெறும் மைத் தெறிப்பு, அதே பக்கத்தை நிறம் போட்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தால் அதன் தாக்கமே வேறு.

சந்தேகப்படுகிற பக்கத்தில் பார்க்க வேண்டியது: படம் எதன்மேல் தங்குகிறது, அடிக்கிற கையிலா, அடிபட்ட முகத்திலா, உடம்பின் ஒரு பாகத்திலா? அடுத்த பக்கத்தில் அந்தக் காயம் இருக்கிறதா, இல்லை துடைத்துப் போட்டது போல மறைந்துவிடுகிறதா? என் கணக்கில் வலி தெரிகிற சண்டை வலி தெரியாத சண்டையைவிடப் பிள்ளைகளுக்கு நல்லது, ரத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். பின்விளைவே இல்லாமல் நூறு பேரைச் சாய்த்துவிட்டு நாயகன் சிரிக்கிற புத்தகத்துக்குத்தான் ‘எல்லா வயதினருக்கும்’ என்ற குறி சுலபமாகக் கிடைக்கிறது என்பது இந்தத் தொழிலின் வினோதம்.

தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். துக்கத்தைக் காட்டலாம், உதவி கேட்பதைக் காட்டலாம். வழிமுறையைப் படிப்படியாகக் கட்டம் கட்டமாகக் காட்டினால் 13-க்குக் கீழே வைக்கவே கூடாது. தாத்தா சாவு, மாதவிடாய், பெற்றோர் பிரிவு எல்லாம் உங்கள் வாசகர்கள் வீட்டில் நடப்பவை. 9 முதல் 13 வயது வரைக்குமான நல்ல சித்திரக்கதைகள் பாதி இதைப் பற்றித்தான். அவை அலமாரியில் முன்வரிசையில் இருக்கட்டும்.

அடுக்குமரம்:

ஐரோப்பிய ஆல்பங்கள்? ரத்தம் கிடையாது, ஆபாசம் கிடையாது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

பழையஇதழ்:

அங்கே பார்க்க வேண்டியது மனிதர்களை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்பதை. காலனி ஆட்சிக் காலத்து ஆல்பங்களில் ஆப்பிரிக்கர், ஆசியர், செவ்விந்தியர் எல்லோரும் தடித்த உதடும் கோணல் பேச்சுமாகக் கேலிச் சித்திரமாகவே வருவார்கள். ‘டின்டின் இன் தி காங்கோ’ தான் எல்லோரும் காட்டும் உதாரணம். 1930-31-ல் வந்த கதை, 1946-ல் திருத்தி நிறத்தில் வரைந்தார்கள். அதிலும் கேலிச் சித்திரங்கள் அப்படியே. காண்டாமிருகத்தை டைனமைட் வைத்துத் தகர்க்கிற ஒரு பக்கத்தை மட்டும் 1975-ல் ஸ்காண்டிநேவியப் பதிப்புக்காக மாற்றி வரைந்தார்கள். பிரிட்டனில் எச்சரிக்கைப் பட்டை சுற்றி விற்றார்கள். 2012-ல் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் தடை செய்ய மறுத்தது. உங்கள் நூலகத்தில் அது ஆசிரியர் மேசைப் புத்தகம். தனியாக எடுத்துப் படிக்கிற அலமாரியில் வேண்டாம்.

இதிலிருந்து ஒரு பாடமும் உண்டு: ஒரே தலைப்புக்கு இரண்டு மூன்று வடிவம் இருக்கும். பதிப்பு ஆண்டைக் குறிக்காமல் ‘இந்தத் தலைப்பு பரவாயில்லை’ என்று எழுதி வைத்தால் அடுத்த முறை வேறு பதிப்பு வரும்போது ஏமாறுவீர்கள். புதியவற்றிலும் இது உண்டு. பிளாக் லேபிளின் முதல் வெளியீடான ‘பேட்மேன்: டேம்ட்’ 2018-ல் அச்சில் ஒரு நிர்வாணப் படத்தோடு வந்தது, மின்பதிப்பில் அதே கட்டத்தை இருட்டடித்துவிட்டார்கள். திரையில் பார்த்துவிட்டு அச்சுக்கு ஒப்புதல் கொடுப்பது, அச்சில் பார்த்துவிட்டுத் திரைக்குக் கொடுப்பது, இரண்டும் ஆகாது.

வலமிருந்து:

ரசிகர்கள் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிற ஸ்கேன்லேஷனைப் பார்த்து முடிவு செய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வயதுக் குறியே இருக்காது. மூலத்தில் ‘முட்டாள்’ அளவில் இருக்கிற வசவை மொழிபெயர்ப்பவர் தன் இஷ்டத்துக்குப் பச்சையாக்கியிருப்பார்.

அட்டவணை:

அடுக்கும் வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் போடும் டூவி தசம முறையில் காமிக்ஸ் எல்லாம் 741.5. குழந்தைகள் புத்தகமும் பெரியவர்கள் புத்தகமும் ஒரே எண். எண்ணுக்கு முன்னால் வயதுப் பிரிவு எழுத்து போடாவிட்டால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தது அடுத்த மாத அடுக்கலில் மறுபடி கலந்துவிடும். புத்தக வியாபார வகைக் குறியீடும் உதவும். பின்னட்டையிலோ பதிப்பகப் பட்டியலிலோ ஜே.யு.வி. என்று ஆரம்பித்தால் சிறுவர், ஒய்.ஏ.எஃப். என்றால் பதின்பருவம், சி.ஜி.என். என்றால் பொதுக் காமிக்ஸ். சி.ஜி.என். போட்டிருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள்.

தொடர்களைப் பாகம் பாகமாகப் பிரிக்காதீர்கள். 1 முதல் 4 வரை சிறுவர் அலமாரியில், 5-லிருந்து பெரியவர் பகுதியில் என்று வைத்தால் நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கதை பாதியில் நிற்கக் கண்ட பிள்ளை ஐந்தைத் தேடி எப்படியும் அங்கே போகும். தொடர் எங்கே போய் முடிகிறதோ அதை வைத்து மொத்தத்துக்கும் ஒரே வயது போடுங்கள். பல இதழ்களைக் கட்டிய கனத்த தொகுப்புக்கும் அதில் இருக்கிற மிகக் கடுமையான இதழின் வயதுதான்.

ஒதுக்கியவற்றுக்கு ஒரு சீட்டு: தலைப்பு, பாகம், பதிப்பு ஆண்டு, பக்க எண், ஒரு வரிக் காரணம், தேதி. பக்க எண் மிக முக்கியம். ‘வன்முறை’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது மறுபடி முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். மங்காவில் பாதிப் பக்கங்களுக்கு எண் இருக்காது, அத்தியாய எண்ணையும் அதிலிருந்து எத்தனையாவது பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

அடுக்குமரம்:

நன்றி. கடைசியாக ஒன்று. வைக்கலாமா வேண்டாமா என்று இழுபறியில் இருப்பவை பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஓரிரு கட்டம்தான் சிக்கல். அந்தக் கட்டத்தை மட்டும் கறுப்பு மார்க்கரால் மறைத்துவிட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கலாம் என்று இன்னொருவர்.

அட்டவணை:

இரண்டும் வேண்டாம். மார்க்கர் மை மங்காத் தாளில் மறுபக்கத்துக்கு ஊறும், அங்கே இருக்கிற ஒழுங்கான படமும் கெடும். அச்சு மை மார்க்கருக்கு அடியில் பளபளப்பாகத் தெரியும். புத்தகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாகப் படித்துவிடலாம், எல்லாப் பிள்ளைகளும் முதலில் அதைத்தான் செய்யும். சிவப்பு ஸ்டிக்கர் அழைப்பிதழ் மாதிரி. வயதுக்கு ஒரு வெளிர் நிறம் என்று எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அளவில், முதுகின் அடியில் ஒட்டுங்கள். பதிப்பகத்தின் குறியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினொன்றும் 12-க்கு மேல் நிறத்தில் போகட்டும், சீட்டில் பக்க எண்ணோடு.

கட்டம்கட்டி:

பதினொன்றின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் இங்கே போடுங்கள். தெரிந்தவற்றுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.